பாதிக் கிணறு

என் சீதன உறுதியில் எட்டுப் பரப்புத் தோட்டக் காணி என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, கிணற்றிலும் வாய்க்காலிலும் பாதிப் பங்கு என்று எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். கிணற்றில் பாதியை எப்படிக் கொடுப்பது என்பார்கள். நாங்கள் கிணற்றை நாளால் பிரிப்போம். இன்று நான் இறைத்தால் நாளை மற்றவர், நாளை மறுநாள் திரும்ப நான். மற்றவர் என்றால் என் மாமாவின் மகன், என் மச்சான். பாட்டன் வெட்டிய கிணறு அது. அம்மாவுக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி என்று போய், கடைசியில் எங்கள் இரண்டு பேரிடமும் வந்து நின்றது.

வலிகாமத்தில் ஆறு கிடையாது. பெரிய குளம் கிடையாது. முளைப்பதெல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான் முளைக்கும். எட்டுப் பரப்பையும் ஒரே நாளில் இறைக்க முடியாது. பாதியை ஒரு முறைக்கு இறைப்பேன், மீதியை அடுத்த முறைக்கு. ஆகவே ஒரு பாத்திக்குத் தண்ணீர் போய் நாலு நாள் கழித்துத்தான் திரும்பப் போகும். ஒரு முறை தவறினால் அந்தப் பாத்தி ஆறு நாளோ எட்டு நாளோ காயும். வெங்காயம் அவ்வளவு நாள் பொறுக்காது.

என் கணவர் கொழும்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடியில் கடையையும் அவரையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்த எட்டுப் பரப்பும் பாதிக் கிணறும்தான். இதைச் சொல்லாவிட்டால், ஒரு நாள் தண்ணீருக்காக நான் செய்த வேலை விளங்காது.

அமைதி காக்கவென்று இந்தியாவிலிருந்து படை வந்தபோது நானும் ரோட்டில் நின்று பூப் போட்டேன். போட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஊரே போட்டது. மூன்று மாதத்தில் அதே படை எங்களைச் சுட்டது. ஐப்பசி முழுவதும் கோயில் மண்டபத்தில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அலுமாரி உடைந்து கிடந்தது, ஆடு இல்லை. தோட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் முகாமாகியிருந்தது. வகுப்பறைக்குள் மணல் மூட்டை. வேலி மறைக்கிறதென்று தோட்டத்து வேலி முழுவதையும் வெட்டி எறிந்திருந்தார்கள். பள்ளிக்கூடக் கிணறு தங்களுக்குக் காணாதென்று எங்கள் கிணற்றுக்குள் குழாயை இறக்கிப் பவுசர் வண்டியில் தண்ணீர் எடுக்கவும் தொடங்கினார்கள். கேட்டு எடுக்கவில்லை. நாங்களும் வேண்டாமென்று சொல்லவில்லை. துவக்கு வைத்திருப்பவனிடம் கிணற்றுப் பங்கு பேச முடியாது.

அடுத்த வருடம் மாசியில் வெங்காயம் காய் வைக்கிற நேரத்தில் பெரிய ரோட்டில் கண்ணிவெடி வெடித்தது. மூன்று நாள் ஊரடங்கு. முதல் நாள் என் முறை, இரண்டாம் நாள் மச்சானின் முறை, மூன்றாம் நாள் என் முறை. மூன்று நாளும் ஒருவரும் இறைக்கவில்லை. நாலாம் நாள் விடிய ஊரடங்கு எடுத்தார்கள். நான் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு கிணற்றடிக்குப் போனால் மச்சானின் இறைப்பு மிசின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். மிசின் கொட்டிலில் ஒரு கலண்டர் தொங்கவிட்டு, என் நாளுக்குச் சிவப்புக் கோடும் தன் நாளுக்கு நீலக் கோடும் போட்டு வைத்திருப்பார். வருடம் பிறக்க முன்னமே முழு வருடத்துக்கும் போட்டுவிடுவார்.

"மச்சான், மிசினை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கு என்ரை முறை."

"கலண்டரைப் பாரும் மச்சாள். இண்டைக்கு என்ன நிறம்?"

"கலண்டரைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ளை வையுங்கோ. கடைசியாய் இறைச்சது நீங்கள். அடுத்தது நான்தானே."

"நாள் எண்டால் நாள்தான். மழை பெய்து இறைக்காமல் விட்டால் அந்த நாளை ஆரும் திருப்பிக் கேக்கிறவையே?"

"மழை பெய்தால் தண்ணி கிடைக்கும். ஊரடங்குக்கு என்ன கிடைச்சது?"

"ஊரடங்கு போட்டது நானே? போட்டவனிட்டைப் போய்க் கேளும்."

அவர் நக்கலுக்குச் சொன்னார். நான் போனேன்.

வேறு எங்கே போவது? வழக்குப் பேச மல்லாகத்துக் கோடு திறக்கவில்லை. ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் எந்தக் கேள்விக்கும் மறுமொழி சொல்லாமல் இருக்கப் பழகியிருந்தார். படையோடு சண்டை பிடித்த இயக்கத்திடம் போவதென்றால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அதற்கு வேறு அடி விழும். பள்ளிக்கூட வாசலில் ஒரு பலகை தொங்கியது. பொதுமக்கள் தங்கள் குறைகளை அதிகாரியிடம் நேரில் தெரிவிக்கலாம் என்று அதில் தமிழில் எழுதியிருந்தது. அதை நம்பித்தான் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரும் தாய்மார். எனக்கு நேர் முன்னால் நின்றவ மானிப்பாய்ப் பக்கம். மகனைப் பிடித்துப் பதினாறு நாள். கையில் மகனின் அடையாள அட்டைப் பிரதி. திரும்பி என்னைக் கேட்டா.

"உங்களுக்கும் பொடியனோ?"

"இல்லை. இது வேறை."

"என்ன வேறை?"

இறைப்பு முறை என்று எப்படிச் சொல்வது? அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது, அதுதான் என் தலைக்குள் நின்றது. நல்ல மனுசி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

உள்ளே தலைமையாசிரியரின் மேசையில் ஒரு கப்டன் இருந்தார். பாலம், மதகு கட்டுகிற பகுதிக்காரர், கண்ணிவெடி எடுக்கிறவரும் அவர்தான். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு சிப்பாய், மதுரைப் பக்கத்துப் பொடியன். நான் சொல்லச் சொல்ல அவன் இந்தியில் சொன்னான். கப்டன் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். நாளால் பிரித்த கிணறு அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். அது நக்கல் சிரிப்பில்லை. நாள் முழுக்கப் பிள்ளையைக் கேட்டு அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனுக்குத் தீர்க்கக்கூடிய ஒரு வழக்கு வந்துவிட்ட சந்தோஷம்.

"அக்கா, கெணறு எத்தனை அடின்னு சார் கேக்குறாரு."

"இருபத்தெட்டு."

"சார் ஊரு பாலைவனப் பக்கம். அங்கே கெணறு இருநூறு அடி போகுமாம். ஒட்டகத்தைக் கட்டி இறைப்பாங்களாம். இருபத்தெட்டு அடியிலே தண்ணி கெடக்குற ஊர்ல எதுக்குச் சண்டைங்கறாரு."

"தம்பி, ஆழம் எனக்கு வேண்டாம். நாலாம் நாள் ஆரின்ரை முறை எண்டு மட்டும் சொல்லச் சொல்லுங்கோ."

அவன் சொன்னான். கப்டன் கையை அசைத்தார், அது சின்ன விஷயம் என்பதுபோல. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார்.

அடுத்த நாள் ஜீப்பில் வந்தார். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தார். மச்சானையும் கூப்பிட்டு வைத்தார். அடியில் வெடி வைத்து இன்னும் பத்தடி இறக்கித் தருகிறேன், பிறகு இரண்டு பேரும் ஒரே நாளில் இறைக்கலாம், முகாமுக்கும் காணும், நாட்கணக்கு ஒன்றும் தேவையில்லை என்றார். பாதி இவருக்கு, பாதி இவவுக்கு என்றபடியால் இரண்டு பேரும் சம்மதமென்று கையெழுத்துப் போட வேண்டும். சிப்பாய் தமிழில் ஒரு கடுதாசி எழுதினான்.

இனி நான் சொல்லப்போவதை எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் நம்புவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், பத்தடி இறக்கினால் உப்பு வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீரிமலைக்குப் போய்க் கேணியில் முழுகாதவர் ஊரில் இல்லை. கேணிக்குள் நல்ல தண்ணீர், மதிலுக்கு அங்கால் கடல். நிலத்துக்கு அடியில் கல்லுக்குள்ளால் நல்ல தண்ணீர் மேலே கிடக்கும், உப்புத் தண்ணீர் கீழே கிடக்கும். பாட்டன் ஒரு கல் அடுக்கு வந்ததும் கூலிக்காரரை ஏறச் சொன்னார். அதற்குக் கீழே ஒரு அலவாங்கும் படக்கூடாது என்றார். பக்கத்துக் குறிச்சியில் ஒருவர் கேளாமல் இறக்கிய கிணற்றில் இன்றைக்கும் கிடுகு பின்ன ஓலை ஊறப் போடுகிறார்கள். வேறு ஒன்றுக்கும் உதவாது.

நான் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முறைப்பாடு கொடுத்தது நான். நானே வேண்டாமென்றால், இவவுக்குத் தண்ணி தேவையில்லை, என்னோடை கொழுவத்தான் தேவை என்று மச்சான் ஊர் முழுக்கச் சொல்லுவார். அவர் வேண்டாமென்று சொல்லட்டும் என்று பார்த்தேன். சொன்னால் கப்டனுக்கு அவர் மேல் கோபம் வரும், நாலாம் நாள் எனக்குக் கிடைக்கும். அவரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கிணற்றைப் பற்றி இரண்டு பேருக்கும் யோசனை இல்லை.

"ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே? வேற ஏதும் சொல்லணுமா?" என்று சிப்பாய் கேட்டான். கேட்டான் என்பதை நான் மறைக்கக் கூடாது.

"எனக்கென்ன," என்றார் மச்சான். கச்சேரிக் கையெழுத்தை வளைத்து வளைத்துப் போட்டார்.

"ஓம்," என்று நானும் போட்டேன்.

மூன்று நாள் வெடி வைத்தார்கள். நாலாம் நாள் தண்ணீர் பொங்கி வந்தது. பாட்டன் காலத்திலிருந்து யாரும் காணாத அளவு தண்ணீர். ஊர்ச்சனம் வந்து எட்டிப் பார்த்தது. கப்டனுக்கு யாரோ மாலை போட்டார்கள். கிணற்றுக் கட்டில் சீமெந்து பூசி, படைப்பிரிவின் இலக்கத்தை எழுதி, பொதுமக்களுக்கு அன்பளிப்பு என்று எழுதினார்கள். என் பாட்டன் வெட்டிய கிணறு எனக்கு அன்பளிப்பு. மச்சான் அதைப் படித்துவிட்டு, "இலக்கணம் சரி," என்றார். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். உண்மையாகவே சிரித்தேன். ஒருவேளை பாட்டன் பிழையோ என்றுகூட நினைத்தேன்.

அந்தப் போகம் வெங்காயம் நன்றாக விளைந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மிசினும் ஒரே நாளில் ஓடின, முகாமின் பெரிய மிசின் மூன்றாவது. கலண்டரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. மச்சானும் நானும் பெரிதாகக் கதைக்கவில்லை, சண்டையும் இல்லை. சண்டை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆடியில் ஒரு காலை மூத்தவள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் அப்போது கோயில் மடத்தில். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாள்.

"என்னம்மா, தேத்தண்ணிக்கு உப்புப் போட்டனீங்களோ?"

"விசர்க் கதை கதையாமல் குடிச்சிட்டுப் போ," என்றேன்.

அவள் போன பிறகு நான் குடித்தேன். முந்தின நாள் உடுப்புத் தோய்க்கும்போது சவுக்காரம் நுரைக்கவில்லை என்று கடைக்காரனைத் திட்டியிருந்தேன். இப்போது எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்துக்குப் போய் இரண்டாம் போக வெங்காயப் பாத்திக்குள் குந்திப் பார்த்தேன். இலைகளின் நுனி எல்லாம் நெருப்புச் சுட்டதுபோல வெளுத்துச் சுருண்டிருந்தது. நாலைந்து நாளாகவே அப்படி இருந்திருக்கிறது. நோய் என்று நினைத்து மருந்தடித்திருக்கிறேன்.

மச்சானைக் கூப்பிட்டு வாளியில் அள்ளிக் கொடுத்தேன்.

"உதைக் குடிச்சுப் பாருங்கோ."

வாய்க்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாய்க்காலில் துப்பினார்.

"வெடி வைக்கேக்கையே எனக்குத் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?"

"நீர் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆம்பிளை. படிச்சனீங்கள். இங்கிலீசிலை நேரை சொல்லியிருக்கலாம்."

"முறைப்பாடு குடுத்தது நீர். வேண்டாம் எண்டு நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நானும் அதுதான்."

அவர் கிணற்றுக் கட்டின் மேல் இருந்தார். நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். அறுபது வயது மனிதனும் இரண்டு பிள்ளை பெற்றவளும். எங்களைப் போல மூளை கெட்ட ஆட்களை நான் வேறெங்கும் காணவில்லை.

அன்றே இரண்டு பேரும் முகாமுக்குப் போனோம். கப்டன் உடனே வந்தார். தானே அள்ளிக் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். சிப்பாயிடம் திரும்பி ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்குறாரு," என்றான் சிப்பாய்.

"ஓம்," என்றார் மச்சான்.

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

"தம்பி, இதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லு. நான் வந்து கேட்டது ஒரு நாள். நாலாம் நாள் ஆரின்ரை முறை எண்டு கேட்டனான். கிணறு காணாது எண்டு நான் சொன்னனானே? கேட்டதுக்கு மறுமொழி சொல்லாமல் கேளாததைச் செய்தார். இஞ்சை ஒரு சனத்திட்டை, ஏன் உங்கடை பாட்டன் இவ்வளவோடை நிப்பாட்டினவர் எண்டு ஒரு வார்த்தை கேட்டவரே? வந்த நாள் துடக்கம் உங்கடை ஆக்கள் எல்லாரும் செய்யிறது இதுதான்."

சிப்பாய் கொஞ்சமாகத்தான் சொன்னான். எனக்கு இந்தி தெரியாவிட்டாலும் அளவு தெரியும்.

"முழுக்கச் சொல்லு," என்றேன்.

"அக்கா, வேணாம்."

"சொல்லு."

சொன்னான். கப்டனின் முகம் சிவந்தது. இன்னொரு அதிகாரியென்றால் அடி விழுந்திருக்கும், இது எனக்குத் தெரியும். அவர் கத்தவில்லை. அடியை மூடித் தருகிறேன் என்றார். அடுத்த கிழமை ஒரு லொறி சீமெந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கியதும் உண்மை. அதற்கு அடுத்த கிழமை அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் கடுதாசிகளைப் பார்த்துவிட்டு, கிணற்று வேலை முடிந்தது என்றுதான் எழுதியிருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள் என்றார். சீமெந்து மண்டபத்துக்குள் கிடந்தது. முகாமின் குழாயை மட்டும் எடுத்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் அவர்களுக்கும் வேண்டாம். அதற்குப் பிறகு குறிச்சியில் வேறொருவரின் கிணற்றில் இறக்கினார்கள்.

வெங்காயம் முழுவதும் போனது. அந்த மாரிக்கு நான் இரண்டு பரப்பில் மரவள்ளி ஊன்றினேன், மழையை நம்பி. மற்ற நாட்களில் சாவகச்சேரிப் பக்கம் பஸ் ஏறிப்போய் ஆட்களின் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினேன். எட்டுப் பரப்புக்காரி கூலிக்குப் போகிறாள் என்று எங்கள் குறிச்சியில் கதைத்தார்கள். கதைத்தவர்களில் ஒருத்தியும் ஒரு குடம் நல்ல தண்ணீர் தரவில்லை. குடி தண்ணீருக்குக் கோயில் கிணற்றுக்கு நடந்தோம்.

அடுத்த மாரியும் போன பிறகு படை போய்விட்டது. ஒரு நாள் லொறிகளில் ஏறினார்கள், போனார்கள். பள்ளிக்கூடத்துக்குள் இயக்கம் வந்தது. சீமெந்து மூட்டைகள் இரண்டு நாளில் காணாமற் போயின. பங்கர் கட்ட என்றார்கள். மூன்றாம் நாள் என்னை வரச் சொல்லி ஆள் வந்தது.

அதே மேசை. இருபத்தைந்து வயதுப் பொடியன். முன்னால் ஒரு கொப்பி.

"அக்கா, நீங்கள் ரண்டு மூண்டு தரம் காம்புக்கு வந்து போனதெண்டு சொல்லுகினம். என்னத்துக்கு?"

"இறைப்பு முறைக்கு."

"என்ன?"

"கிணத்திலை என்ரை நாளை மச்சான் இறைச்சவர். அதுக்கு முறைப்பாடு குடுக்க."

"தண்ணி முறைக்கு ஆமியிட்டையோ போறது?"

"வேறை ஆர் இருந்தவை? நீங்கள் இருந்தனீங்களே?"

அது அவனுக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன சொன்னேன், யாருடைய பெயர் சொன்னேன் என்று கேட்டான். வெங்காயத்தின் பெயர் சொன்னேன் என்றேன். என்னை ஒரு வகுப்பறையில் இருத்திவிட்டுப் போனான். அந்த நாட்களில் இதைவிடக் குறைந்த காரணத்துக்கு ஆட்களை விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்பதுதான் யோசனை.

மத்தியானம் மச்சானின் குரல் கேட்டது. அவரை யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்திருந்தார். கச்சேரிக்குப் போகிற காலத்து வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, அவ போனது என்னாலை. போய்க் கேள் எண்டு நான்தான் சொன்னனான். கடுதாசியிலை என்ரை கையெழுத்தும் கிடக்கு. வைச்சிருக்கிறதெண்டால் ரண்டு பேரையும் வைச்சிருங்கோ. விடுகிறதெண்டால் ரண்டு பேரையும் விடுங்கோ."

"ஐயா, நீங்கள் இதுக்குள்ளை வராதேங்கோ."

"நான் ஏற்கனவே உள்ளுக்கை. கிணத்தைப் போய்க் குடிச்சுப் பாருங்கோ, பிறகு விசாரியுங்கோ."

ஒருவனை உண்மையாகவே அனுப்பிக் குடிக்க வைத்தார்கள். அவன் காறிக்கொண்டு வந்தான். பின்னேரம் விட்டார்கள். அடுத்த நாள் வந்து கிணற்றுக் கட்டின் மேல் இருந்த படைப்பிரிவின் இலக்கத்தையும் எழுத்தையும் கொத்தி எடுத்துவிட்டுப் போனார்கள். உப்பைப் பற்றி அவர்களும் ஒன்றும் செய்யவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு இருநூறு யார்டு தூரம். மச்சானும் நானும் நடந்து வந்தோம். நான் நன்றி சொல்லவில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை. கிணற்றடிக்கு வந்ததும் அவர் நின்றார்.

"அடியை நாங்களே மூடுவம்," என்றார். "சீமெந்து வேண்டாம். குளத்துக் களிமண் காணும். கல்லு, களி, திரும்பக் கல்லு."

"எத்தினை நாள் எடுக்கும்?"

"எடுக்கிற நாள் எடுக்கட்டும்."

சித்திரையும் வைகாசியும் அந்த வேலைதான். இரண்டு மிசினையும் போட்டு அடிவரை இறைத்தோம், எங்களிடமிருந்த மண்ணெண்ணெய் அதோடு முடிந்தது. வெடித்துக் கிடந்த கல்லை உள்ளேயே சமமாக அடுக்கினோம். ஊர்க் குளம் வற்றிக் கிடந்தது. அங்கே களி வெட்டிச் சைக்கிளில் கடகத்தோடு கட்டிக் கொண்டுவந்தேன். மச்சான் கயிற்றில் இறக்குவார், நான் உள்ளே நின்று மிதிப்பேன். அவருக்கு மூச்சு வாங்கும்போது நான் மேலே வந்து இறக்குவேன், பெரியவளும் சின்னவளும் உள்ளே மிதிப்பார்கள். ஒரு முழம் களி, அதற்கு மேல் கல், திரும்பக் களி. பாட்டன் நிறுத்திய கல் அடுக்கு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினோம். வாய்க்குள் மண், காதுக்குள் மண். இரண்டு பேரும் முந்திய முப்பது வருடத்தில் கதைத்ததைவிட அந்த இரண்டு மாதத்தில் கூடக் கதைத்தோம். கதைத்ததெல்லாம், உதைப் பிடியும், இதை விடுங்கோ என்பதுதான்.

மூடினால் மட்டும் போதாது. கல்லுக்குள் ஏறிய உப்பு இறங்க வேண்டும். அதற்கு மழைத் தண்ணீர் மேலே நிற்க வேண்டும், ஒருவரும் இறைக்கக் கூடாது. எத்தனை மாரிக்கு என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இரண்டு பேரும் மிசின்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். சத்தியம் ஒன்றும் செய்யவில்லை.

ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கியது. இந்த முறை கொழும்பு ஆமி. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், டீசல், பற்றறி, சவுக்காரம் எல்லாம் தடை. வலிகாமம் முழுவதும் மிசின்கள் நின்றன. ஊரே தலையில் அடித்துக்கொண்டது. கையால் இறைக்கிற துலா இல்லாத வீடுகளில் திரும்பத் துலா போட்டார்கள். வாளியால் அள்ளி எத்தனை பரப்பை இறைக்க முடியும்? எல்லாருடைய தோட்டமும் சுருங்கியது. எங்கள் கிணறு மட்டும் யாரும் தொடாமல் கிடந்தது.

முதல் தையில் குடித்துப் பார்த்தேன், உப்பு. இரண்டாம் தையில் குடித்தேன், உப்புத்தான், ஆனால் விழுங்கலாம். அந்த இரண்டு வருடமும் நான் கூலிக்குத்தான் போனேன். ஒரு முறை செல் குண்டு விழுந்து மச்சான் வீட்டுப் பின்பக்கம் போனது. கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு என்ன என்று கேட்கப் போனேன். அவர் முற்றத்தில் நின்று, "கிணறு?" என்றார்.

மூன்றாம் தையில், மாரி நன்றாகப் பெய்த வருடம், அவர்தான் முதலில் அள்ளினார். எனக்குத் தரவில்லை. ஒரு வாளி முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். பிறகு அடுத்த வாளியை அள்ளி என்னிடம் நீட்டினார். நல்ல தண்ணீர். மேலே மூன்று நாலு முழத்துக்கு நல்ல தண்ணீர். அதற்குக் கீழே எப்படியென்று பார்க்க இரண்டு பேருக்கும் துணிவில்லை. இன்றைக்கும் பார்த்ததில்லை.

இதை நல்ல மனிதர்கள் பொறுமையாக இருந்து மீட்ட கிணறு என்று பிறகு சிலர் சொன்னார்கள். பொய். எங்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் கிடைத்திருந்தால் முதல் கோடையிலேயே அவர் மிசினை இறக்கியிருப்பார். அவர் இறக்காவிட்டால் நான் இறக்கியிருப்பேன். கிணற்றைக் கெடுத்தது எங்களுக்கு நன்மை செய்ய வந்தவர்களும் கையெழுத்துப் போட்ட நாங்கள் இரண்டு பேரும். கிணற்றைக் காப்பாற்றியது எங்களைப் பட்டினி போட நினைத்தவர்களின் தடை. அவர்களுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை.

அந்த மாசியில் ஒரு பரப்பு மட்டும் கொத்தி வெங்காயம் நட்டேன். வாளியால் அள்ளி ஊற்றினேன். மச்சான் தன் பக்கத்தில் ஒரு பரப்பு நட்டார். அவருக்குத் தோள் ஏலாது. அவருடைய பாத்திகளுக்கும் நானே ஊற்றினேன்.